முகம் தெரியாத நண்பன் கேட்கும் கேள்விகள்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

செல்லூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், ரோப்ளாக்ஸ் என்று போனில் ஆளுக்கொரு ஆன்லைன் விளையாட்டு, முகம் தெரியாதவர்களும் சேர்ந்து ஆடலாம். "தெரியாதவங்ககூடப் பேசாதே" என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது. ஒரு வாரம் சேர்ந்து விளையாடியவனைப் பிள்ளை தெரியாதவன் என்று நினைப்பதில்லை. அதனால், அவன் யார் என்பதை விட அவன் என்ன கேட்கிறான் என்று கவனிக்கப் பழக்குங்கள்.

நான் இதை நடித்துக் காட்டித்தான் பழக்குகிறேன். முகம் தெரியாத ஆள் நான்.

"சூப்பரா விளையாடுற! நீ மதுரையா? நானும்தான். எந்த ஏரியா?"

"செல்லூர்."

"அட, கண்மாய்ப் பக்கமா? எந்த ஸ்கூல்? அம்மா வேலைக்குப் போறாங்களா? எத்தனை மணிக்கு வருவாங்க?"

பள்ளி, தெரு, தனியாக இருக்கும் நேரம் எல்லாம் பேச்சுவாக்கில் வந்துவிடும். அப்புறம் கேட்பேன்: "எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்?" பலரும் ஸ்கூலைக் கேட்ட இடம் என்பார்கள். ஒரு சிறுமி, "அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டாரே, அது எதுக்கு மிஸ்?" என்றாள். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் போதும்.

"டைமண்ட் வாங்கித் தர்றேன்" (விளையாட்டுக்குள் பொருள் வாங்கும் காசு), "வாட்ஸ்அப்புக்கு வா", "ஒரு போட்டோ அனுப்பு", இவற்றையும் நடித்துக் காட்டுங்கள். "வீட்ல சொல்லாதே" என்று எவன் சொன்னாலும் அதே நிமிடம் வீட்டில் சொல்ல வேண்டும். பெரியவர் கேட்டால் பதில் சொல்லணும் என்று வளர்த்திருக்கிறோம். போனில் அந்த மரியாதை வேண்டாம், பதிலே சொல்லாமல் வெளியே வரலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் நின்றுகொண்டே போட்டோ போடாமல், வீடு திரும்பியபின் போடட்டும். யூனிஃபார்ம் பேட்ஜும் வண்டி நம்பரும் தெரியக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் தெரிந்தவர் மட்டும் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள். இன்ஸ்டாவுக்கு 13 வயது ஆக வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம், அப்பாவும் அம்மாவும் கொடுக்க வேண்டிய வாக்கு: "என்ன நடந்திருந்தாலும் சொல்லு. அடிக்க மாட்டோம், போனைப் பிடுங்க மாட்டோம்." மிரட்டுகிறவன் "உங்க அப்பாகிட்ட சொல்லிருவேன்" என்றுதான் பிள்ளையை மடக்குகிறான். அப்பாவுக்கு முன்பே தெரியும் என்றால் அந்த மிரட்டல் செல்லாது. வாக்கு கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் போனில் பேசிய சாட் எதையும் அழிக்காதீர்கள். உரையாடலையும் அவன் ஐடியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தபின் பிளாக் செய்யுங்கள். பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பான். குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் இல்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில், பிள்ளைகளுக்கு எதிரான ஆபாசக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம்.

வெளியில் தெரிந்தால் அசிங்கம் என்று பலர் மூடி மறைக்கிறார்கள், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. பிள்ளையின் வாக்குமூலத்தைப் போலீஸ் வீட்டிலேயே வாங்கலாம், கூடுமானவரை பெண் அதிகாரிதான் வருவார், அதுவும் காக்கிச் சட்டை இல்லாமல்.