பாமினி மாற்றி: பராமரிப்பதும் பழைய விண்டோஸுக்குத் தொகுப்பதும்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள அச்சகங்கள் பலவற்றில் திருமண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் பாமினி எழுத்துருவிலேயே குவிந்து கிடக்கின்றன. அந்தக் கோப்புகளை அப்படியே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு அது. 'அம்மா' என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே இருக்கும். லினக்ஸில் உள்ள ஐகன்வ் என்ற குறியாக்க மாற்றுக் கருவிக்குத் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் தெரியும், பாமினி தெரியாது. அதனால் பாமினியை யுனிகோடு தமிழாக்க நமக்கென்று ஒரு திறமூல மாற்றி வேண்டும், அதை யாராவது பேணவும் வேண்டும்.

தேவையானவை: லினக்ஸ் கணினி, நிரலின் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git), கோ (Go) என்ற நிரல்மொழி. கோவின் 1.20 பதிப்பையே நிறுவுங்கள். காரணம் பின்னால் வரும்.

படி 1: அட்டவணை

எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். நிரல் எழுதத் தெரியாத தட்டச்சாளரும் பிழையைத் திருத்தித் தர அதுவே வழி. நீளமான விசைத்தொடர்களை முதலில் பொருத்த வேண்டும். பாமினியில் கொம்பு, மெய்க்கு முன்னே வரும். யுனிகோடில் பின்னே வரும். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று விசைகள். கொம்பை மட்டும் பிரித்தெடுத்து மாற்றினால் கால் அநாதையாக நிற்கும்.

படி 2: ஔகாரச் சிக்கல்

அதிக நேரம் கேட்பது இந்த இடம்தான். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை, சிறிய எஸ். ஆகவே 'கௌரவம்' என்பதன் முதல் எழுத்தும் 'கெளிறு' என்பதன் முதல் இரண்டு எழுத்துகளும் ஒரேபோலத் தொடங்கும். எஸ்ஸுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரம், இல்லையேல் ஔகாரம். பெரும்பாலான சொற்களுக்கு இந்த விதி போதும். மீறும் சொற்களை விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

படி 3: சீராக்கம்

யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. வெளியீட்டை எப்போதும், இத்தகைய குறிகளை ஒன்றாக இணைத்து எழுதும் என்.எஃப்.சி. (NFC) வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். கோவின் டெக்ஸ்ட் நூலகத்தில் இதற்குரிய செயற்கூறு உண்டு. அந்த நூலகத்தின் புதிய பதிப்புகள் புதிய கோ பதிப்பைக் கேட்கும், 1.20உடன் ஒத்துப்போகும் பழைய பதிப்பொன்றைக் குறித்துப் பூட்டிவையுங்கள்.

படி 4: சோதனை

ஒவ்வொரு பிழை அறிக்கைக்கும் ஒரு சோதனை வரி எழுதுங்கள்: இடப்பக்கம் பாமினி, வலப்பக்கம் எதிர்பார்க்கும் தமிழ். சோதனைகளை இயக்கும் 'கோ டெஸ்ட்' கட்டளை பிழையின்றி ஓடாமல் எந்தத் திருத்தத்தையும் ஏற்காதீர்கள். அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் வேறெங்கோ பத்துச் சொல் சிதையும்.

படி 5: குறுக்குத் தொகுப்பு

லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸ் நிரலை உருவாக்குவது கோ மொழியில் மிக எளிது. ஜி.ஓ.ஓ.எஸ். என்ற சூழல் மாறியில் 'விண்டோஸ்' என்றும், ஜி.ஓ.ஏ.ஆர்.சி.எச். என்பதில் '386' என்றும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுத்து 'கோ பில்ட்' கட்டளையை இயக்குங்கள். 386 என்றால் 32 பிட். 64 பிட் விண்டோஸிலும் அது ஓடும். சி மொழி நிரற்பகுதி எதையும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் தனித் தொகுப்பி தேட வேண்டிவரும்.

இனி 1.20 ஏன் என்பது. விண்டோஸ் 7இல் ஓடும் நிரலைத் தரும் கடைசிப் பதிப்பு அது, 1.21 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகவே விண்டோஸ் 7ஐ வைத்திருக்கும் அச்சகத்துக்குப் புதிய கோ பதிப்பில் தொகுத்த நிரல் உதவாது. பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பது உண்மை. வலையைத் தொடாமல் உள்ளூர்க் கோப்பை மட்டும் வாசிக்கும் கருவிக்கு அதை ஏற்கலாம் என்பதே என் முடிவு.

படி 6: வெளியீடு

'ஃபைல்' கட்டளை, உருவானது விண்டோஸ் நிரலா என்று மட்டுமே சொல்லும். ஒரு விண்டோஸ் 7 கணினியில் உண்மையான மலர்க் கோப்பொன்றை மாற்றிப் பாருங்கள். பின்னர், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா-256 (SHA-256) கூட்டுத்தொகையோடு, எந்தக் கோ பதிப்பில் தொகுத்தீர்கள் என்பதையும் குறித்து வெளியிடுங்கள்.