உப்புக்காற்றில் ஒரு வேகமான கார்: மாற்றி வாங்குவதா, இருப்பதை மாற்றுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு ஃபோக்ஸ்வாகன் வர்டஸ் ஜிடியோ, ஸ்கோடா ஸ்லாவியா 1.5-ஓ, பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயோ நிற்கிறது. இரண்டு மூன்று வருடம் ஓட்டியாயிற்று. இன்னும் கொஞ்சம் வேகம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று மனசு அரிக்க ஆரம்பிக்கிறது. 50 லட்ச ரூபாய் வண்டிக்குத் தாவுவதா, இல்லை இருக்கிற வண்டியிலேயே ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது), சஸ்பென்ஷன், பெரிய அலாய் சக்கரம் என்று மூன்று நான்கு லட்சத்தைப் போடுவதா? யூடியூபில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பெங்களூருக்கும் மும்பைக்கும் பொருந்துபவை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, நடுவில் பிரிந்து ராமேசுவரம் வரை, இந்தக் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. இங்கே முதலில் உப்பைப் பார்க்க வேண்டும், அப்புறம் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். குதிரைத்திறன் அதற்குப் பிறகுதான்.

குறை என்னவென்று தெரியாமலே செலவு செய்வது

"வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொல்பவரின் டயரைப் பார்த்தால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் இன்னும் தேயவில்லை என்பதற்காக அதையே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ரப்பர் வெயிலில் இறுகிப் போயிருக்கும். அந்த டயரோடு எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி வரைகூட இறங்கலாம். வேகத்திலிருந்து நாலைந்து முறை அழுத்திப் பிடித்ததும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் பிரேக் சின்னது என்று அர்த்தமில்லை, ஆயில் பழசு. நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் வேலை. இதைச் செய்யாமல் பெரிய பிரேக் செட் விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆகவே நல்ல டயர் நான்கு, பிரேக் ஆயில், தேய்ந்த சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்கள், வீல் அலைன்மென்ட். இவ்வளவையும் முடித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அரிப்பு தீரவில்லை என்றால் மேலே பேசலாம். என் கணிப்பில் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

உப்பை மறந்துவிட்டுப் பாகம் வாங்குவது

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் கடலோரமாக ஒரு நிலையமே வைத்திருக்கிறது. இரும்பு எவ்வளவு சீக்கிரம் சாகும் என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள் என்றால் அது அழகுக்காக இல்லை. பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், ஆன்லைனில் மலிவாக வாங்கிய காயில்ஓவருக்கு (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்) என்ன கதி?

துத்தநாகம் பூசிய மலிவு காயில்ஓவரில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க மரை இருக்கும். கடலோரத்தில் அந்த மரை ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே இறுகிவிடும். உயரம் மாற்றலாம் என்று காசு கொடுத்து வாங்கியது, ஒரே உயரத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும். சைலன்சர் மாற்றுகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் 409 கிரேடு மேலெல்லாம் துருவேறும், 304 உப்புப் பட்டு பழுப்புக் கறை பிடிக்கும், 316 தாக்குப்பிடிக்கும். கடைக்காரர் கிரேடு சொல்லத் தயங்கினால் அது 409 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலாய் சக்கரத்தில் பளபளவென்று கடைந்த முகப்பு வேண்டாம். மேல்பூச்சு ஒரு கல் பட்டு உடைந்தால் போதும், உள்ளே வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு பரவும். முழுக்கப் பெயின்ட் அடித்த அலாய் இங்கே நீடிக்கும்.

கூடுதல் விளக்கு, ஆம்ப்ளிஃபையர் என்று கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டுவது இன்னொரு வினை. ஒட்டிய இடத்தில் செம்பு பச்சை பிடித்து, ஆறு மாதம் கழித்து எங்கேயோ ஒரு எச்சரிக்கை விளக்கு எரியும். எது காரணம் என்று எந்த மெக்கானிக்காலும் சட்டென்று சொல்ல முடியாது. பாடியில் போடும் ஒவ்வொரு புது ஓட்டையும் துருவுக்கு ஒரு வாசல்.

கழுவும் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பைப் போக்க உப்புத் தண்ணீரில் கழுவினால் என்ன மிஞ்சும்? ஆர்.ஓ. மிஷின் கழித்து விடுகிற தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவுகிறார்கள். சிக்கனம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். மேலே எதில் கழுவினாலும் சரி, வண்டியின் அடிப்பாகத்தை மாதம் இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். முக்கியமாக மீன் லாரிக்குப் பின்னால் போய்வந்த நாட்களில். அந்த லாரிகளிலிருந்து சொட்டுவது உப்பும் மீன் எண்ணெயும் கலந்த தண்ணீர், ரோட்டில் பிடிமானத்தையும் கெடுக்கும். செராமிக் கோட்டிங் பெயின்ட்டைத்தான் காப்பாற்றும். மேலே கண்ணாடி மாதிரி மின்னும் வண்டியை லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் கீழே செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும்.

தனுஷ்கோடியில் ரீல்ஸ் எடுக்கக் கடற்கரை மணலுக்குள் இறக்குவதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

ரீமேப் ஒரு நாள் வேலை, கியர்பாக்ஸ் அப்படி இல்லை

டர்போ பெட்ரோல் வண்டிகளில் ரீமேப் செய்வது சுலபம், பலன் உடனே தெரியும். அதனால்தான் எல்லோரும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வர்டஸ், ஸ்லாவியா 1.5 ஆட்டோமேட்டிக்கில் வருவது டிகியூ 200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். அதன் கிளட்ச் உலர் வகை, தாங்கும் முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர். அந்த எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே கொடுப்பதும் 250. விளிம்பில் நிற்கும் கியர்பாக்ஸின் முதுகில் இன்னும் 50, 60 ஏற்றினால் கிளட்ச் தேயும், சூடாகும். அது வெளியூர் சாலையில் தெரியாது. ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக நகரும்போது தெரியும். பழைய போலோ ஜிடி 1.2-இல் அதே கியர்பாக்ஸ், எஞ்சின் 175 தான். அங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது.

வெப்பம் அடுத்த சிக்கல். சித்திரை வெயிலில் எஞ்சினுக்குள் போகும் காற்று சூடாக இருந்தால், பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பதை உணரும் நாக் சென்சார் இக்னிஷன் நேரத்தைத் தள்ளிப் போட்டு எஞ்சினைக் காப்பாற்றும். அதாவது காசு கொடுத்து ஏற்றிய பவரில் ஒரு பகுதியை வண்டியே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதிக ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய மேப் என்றால் அந்தப் பெட்ரோல் உங்கள் ஊர் பங்க்கில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்பி 100 மாதிரி 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லாம் பெரிய நகரங்களில் சில பங்க்குகளில் மட்டும் விற்பது. திருவாடானையில் வண்டி நிறுத்தி அதைக் கேட்க முடியாது. எண்ணெய் தடவிய திறந்த ஏர் ஃபில்டரும் நம் பக்கத்துக்குச் சரிவராது. எஞ்சின் அறையின் சூட்டையும் பொடி மணலையும் சேர்த்தே உறிஞ்சும்.

வாரன்டி இருக்கும்போது ரீமேப் செய்துவிட்டு, சர்வீஸுக்கு முன் பழைய மேப்பை ஏற்றிவிட்டால் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எத்தனை முறை மென்பொருள் மாற்றி எழுதப்பட்டது என்ற கணக்கை வண்டியின் கணினி வைத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் இது பிடிபட்டால் மென்பொருள் மாற்றிய வண்டி என்பதற்கு டிடி1 என்று குறித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் பழுதெல்லாம் உங்கள் பையிலிருந்துதான்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதும், ஊரை எழுப்பும் சைலன்சரும் நேராக இதில் மாட்டும்.

அபராதத்தைவிடப் பயப்பட வேண்டியது இன்சூரன்ஸுக்குத்தான். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால் கிளெய்ம் தடுமாறும். சட்டத்துக்கு உட்பட்ட மாற்றமாக இருந்தால் எழுதிக் கொடுத்துப் பிரீமியத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஷோரூம் விலையை மட்டும் பார்த்து மேலே தாவுவது

இனி அடுத்த பக்கம். 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ ஏறக்குறைய 53 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர், அதைத் தாங்க எண்ணெயில் மூழ்கிய கிளட்ச். பிரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதுதான் மேல்வகை வண்டியின் உண்மையான லாபம். ஆனால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். அதுவே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. இன்சூரன்ஸையும் சேர்த்தால் 65 லட்சத்தைத் தொடும். கூடவே 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அவ்வளவு வேண்டாம், 25, 30 லட்சத்தில் பழைய பிஎம்டபிள்யூ இசட்4, மினி கூப்பர் எஸ், ஆடி டிடி என்று ஏதாவது எடுக்கலாம் என்பது அடுத்த யோசனை. இங்கேதான் பெரிய அடி விழும். பழைய வண்டிக்கு விலைதான் குறைகிறது, அதன் உதிரிபாகத்துக்குக் குறைவதில்லை. சர்வீஸ் சென்டர் தேடிப் போக வேண்டும் என்றால் ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கே 110 கிலோமீட்டருக்கு மேல், ராமேசுவரத்திலிருந்து சுமார் 170. வழியில் நின்றுவிட்டால் சாதாரண டோ வண்டி போதாது, தாழ்ந்த காரை ஏற்றப் படுக்கை லாரி வேண்டும். இந்த வகையில் பல வண்டிகளுக்கு ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட் டயர்தான். காற்று இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பினால் பாதி வழி வரைதான் வரலாம். கருவேல முள் ரோட்டோரமெல்லாம் சிதறிக் கிடக்கும் மாவட்டத்தில் இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

கீழக்கரைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காக்கா (அண்ணே), துபாயில மஸ்டாங் சல்லிசா கிடைக்குது, அப்படியே கொண்டு வந்துரலாமா?" முடியாது. ஓட்டிய காரை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. துபாயில் ஓடுவதெல்லாம் இடப்பக்க ஸ்டியரிங். கதை அங்கேயே முடிந்தது, சுங்க வரி வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

வெளிமாநில வண்டி மலிவாகத் தெரிந்தால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ப மறுபடி வரி கட்டுவதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மலிவு பெரும்பாலும் அதில் கரைந்துபோகும்.

உங்கள் தெருவில் ஓட்டிப் பார்க்காதது

ஷோரூம்காரர் நல்ல நாலுவழிச் சாலையில்தான் ஓட்டக் கொடுப்பார். மதுரை–பரமக்குடி அப்படிப்பட்ட சாலைதான். பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நாலுவழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில்தான் ஒப்புதல் தந்தது. நீங்கள் தினமும் ஓட்டுவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் எழும்பும் வேகத்தடை, திடீரென்று குறுக்கே வரும் ஆட்டுமந்தை, ராமேசுவரம் கோயிலைச் சுற்றிய சந்து. ஒரு டேப்பை எடுத்து உங்கள் வீட்டு வாசல் சரிவையும் தெரு வேகத்தடையையும் அளந்துகொண்டு போங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்த நினைப்பவருக்கும் இதே அளவுதான்.

வேகத்தை உண்மையாகவே அனுபவிக்க வேண்டும் என்றால் கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் இருக்கிறது. சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் டிராக் டே நாளில் இப்போதிருக்கும் வண்டியோடு போய் வாருங்கள். பிரேக் முதலில் தளர்கிறதா, டயரா, பவரா என்று அரை நாளில் தெரிந்துவிடும். எங்கே காசு போட வேண்டும் என்பதற்கு அதைவிட நேரான பதில் கிடைக்காது.

மாற்றுவது என்று முடிவானால் கழற்றிய கம்பெனிப் பாகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விற்கும்போது ரீமேப்புக்கும் காயில்ஓவருக்கும் யாரும் கூடுதல் காசு தருவதில்லை, பேரத்தில் கழிக்கத்தான் செய்வார்கள். பழைய ஸ்பிரிங், சைலன்சரை எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். சுற்றாமல் வைத்தால் பரணிலேயே துருப்பிடிக்கும்.

வாங்குவது என்று முடிவானால், அதிலும் பழைய வண்டி என்றால், லிஃப்டில் தூக்கி அடியைப் பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம். சென்னை வண்டியாக இருந்தால் 2015, 2023 வெள்ளங்களில் நின்றதா என்று சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை தேடுங்கள். சஸ்பென்ஷன் கைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், சைலன்சர் தொங்கும் கொக்கிகளையும், பிரேக் குழாய் போகும் வழியையும் விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் லிஃப்டில் ஏற்றவே மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.