கர்ப்பகால பிரஷர்: தாய்வீடு போனாலும் கவனிப்பு விட்டுப்போகாமல் இருக்க

செட்டிநாட்டில் கர்ப்பிணிகள் வளைகாப்பு முடிந்ததும் ஊர் மாறுவார்கள், இதைக் கணக்கில் எடுக்காமல் பிரஷர் கவனிப்புக்கு எப்படித் திட்டம் போட்டாலும் எங்கேயாவது ஓட்டை விழும். தேவகோட்டையில் புகுந்த வீடு, பதிவும் மாதாந்தரச் செக்கப்பும் அங்கேதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டதும் பொன்னமராவதிக்குத் தாய்வீடு. சிவகங்கை மாவட்டம் போய்ப் புதுக்கோட்டை மாவட்டம் ஆகிவிடும். கர்ப்பத்தால் வரும் பிரஷர் 20 வாரத்துக்கு அப்புறம்தான் தலைகாட்டும், கடைசி மூன்று மாதத்தில் இன்னும் அதிகம். நம் கண்ணை விட்டு அந்தப் பெண் போவதும் அதே நேரத்தில்தான். சுகாதார நிலையத்திலும் கிளினிக்கிலும் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும்தான் இது.

முதலில் அளவு சரியாக இருக்கணும். கோட்டையூரிலிருந்து பஸ் ஏறி, வெயிலில் நடந்து வந்தவரை உட்கார வைத்த கையோடு பட்டையைச் சுற்றினால் வரும் எண் எதற்கும் உதவாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில், கை மேஜைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி ஏற்றாதீர்கள், அதுவே கையை இறுக்கும். ஒரு திரையைக் கட்டிவிட்டுக் கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், அதனால் பெரிய பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் மிஷின் என்றால் கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலா என்று பாருங்கள், சில மிஷின்கள் ப்ரீஎக்லாம்ப்சியா (பிரஷரோடு சிறுநீரகம் மாதிரி மற்ற உறுப்புகளும் பாதிக்கப்படும் கர்ப்பகால நோய்) உள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டிவிடும். வந்த எண்ணை வந்தபடியே எழுதுங்கள். மாதாமாதம் 120/80 என்றே எழுதியிருக்கும் அட்டையைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும், எந்த மாதம் 138 வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதே.

140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ஓய்வு கொடுத்து மறுபடி பாருங்கள், யூரினில் உப்பு, அதாவது புரதம், போகிறதா என்று பாருங்கள், அன்றைக்கே டாக்டர் பார்க்கணும். 'அடுத்த மாதம் வாங்க' என்ற பேச்சே கூடாது. 160/110 வந்து, 15 நிமிடத்தில் மறுபடி எடுத்தும் இறங்கவில்லை என்றால் அது அவசரம்: அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிரஷரைக் குறைக்கும் மருந்து உள்ளே போயிருக்கணும், வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸையும் போட்டுத்தான் 108இல் ஏற்றணும். பிரஷரைக் குறைக்கும் லேபெட்டலால், நிஃபெடிபின், அப்புறம் மெக்னீசியம் சல்பேட், அதற்கு முறிவாகக் கால்சியம் குளுக்கோனேட், சிரிஞ்சு, டோஸ் எழுதிய தாள், எல்லாம் ஒரே டிரேயில் இருக்கட்டும். அந்த நேரத்தில் பீரோ சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

சரி, தாய்வீட்டு விஷயம். ஆறாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள்: வளைகாப்பு எப்போது, அம்மா வீடு எந்த ஊர், பிரசவம் எங்கே? பிரஷர் உள்ளவர் என்றால் இதுவரை வந்த அளவுகள், மாத்திரையின் பெயர், எத்தனை வேளை, அடுத்து எந்தத் தேதியில் பார்க்கணும், இவ்வளவையும் அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு அந்தப் பெண்ணின் எதிரிலேயே போன் போட்டு பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) சொல்லுங்கள். கடிதம் கொடுத்து அனுப்பினால் அது வளைகாப்புப் பையோடு பரணுக்குப் போய்விடும். அங்கே ஏற்பாடாகும் வரை தேவையான மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

வீட்டில் முடிவெடுப்பது ஆத்தாவும் ஆயாவும்தான், அவர்களிடமும் பேசணும். "ஆச்சி, இவுகளுக்கு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, மூச்சுத் திணறல், இதுல எது வந்தாலும் தைலம் தேய்ச்சுப் பாக்க வேண்டாம், உடனே 108க்குப் போடுங்க" என்று நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பிள்ளை பிறந்துவிட்டால் பிரஷர் போய்விடும் என்று நாமே நம்பிவிடுகிறோம், அங்கேதான் வழுக்குகிறது. பிரசவத்துக்குப் பிறகு 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள்தான் பிரஷர் உச்சத்துக்குப் போகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் பத்தியச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும், தலைவலி வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதால் வந்த சீதளம் என்பார்கள். குழந்தையின் எடை பார்க்க வீட்டுக்குப் போகும் செவிலியர் பிரஷர் மிஷினையும் எடுத்துப் போகட்டும், 3ஆம் நாளும் 7ஆம் நாளும் கட்டாயம். பால் கொடுக்கிறோமே என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிஃபெடிபின், லேபெட்டலால், எனலாப்ரில் மூன்றும் பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுக்கக்கூடியவை என்று டிஸ்சார்ஜ் அன்றே சொல்லிவிடுங்கள். எனலாப்ரில் கர்ப்பத்தில் மட்டும் கூடாது.

அப்புறம் 45ஆம் நாள் தடுப்பூசி. அந்தப் புதன்கிழமைக்கு அநேகமாக எல்லாத் தாய்மாரும் வந்துவிடுவார்கள். குழந்தைக்கு ஊசி போடும் அதே இடத்தில் அம்மாவுக்கும் பட்டையைச் சுற்றுங்கள், தனியாக வரச் சொன்னால் வர மாட்டார்கள்.

பிரசவமாகி 12 வாரம் கழித்தும் 140/90க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அது நிரந்தர பிரஷர், 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்த்துவிட்டால் மாத்திரை வீடு தேடி வரும். இறங்கிவிட்டாலும் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் வருடம் ஒரு தடவையாவது பிரஷர் பார்க்கணும். ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர் அடுத்த பிள்ளை உண்டானால் முதல் பதிவிலேயே அதைச் சொல்லணும், 12 வாரத்திலிருந்து குறைந்த டோஸ் ஆஸ்பிரின் தொடங்க வேண்டியிருக்கும்; அதற்காகப் பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அனுப்புங்கள்.