இணை நிறுவனரைத் தேடுவதும் சோதித்துப் பார்ப்பதும்: பங்கைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைப் பதிவு செய்யக் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் உள்ள விதி. அந்த இரண்டாவது கையெழுத்துக்காக மனைவியின் பெயரையோ தந்தையின் பெயரையோ சேர்த்துக்கொள்பவர்கள் ஏராளம். அதில் தவறேதும் இல்லை. சட்டம் கேட்கும் இரண்டாவது ஆள் வேறு, தொழிலுக்கு வேண்டிய இணை நிறுவனர் வேறு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொண்டால், பதிவு செய்யும் அவசரத்தில் அரைகுறையாகத் தெரிந்த ஒருவருக்குப் பாதிப் பங்கை எழுதிக் கொடுக்கும் நிலை வராது.

தேடத் தொடங்கும் முன், உங்களைக் கேட்காமலேயே ஒருவர் முடிவெடுக்க வேண்டிய பகுதி எது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்படி ஒரு பகுதியே இல்லாமல், நீங்கள் சொல்வதைச் செய்து தர ஆள் போதும் என்று தோன்றினால், உங்களுக்குத் தேவைப்படுவது ஊழியரே. அவருக்குச் சம்பளம் கொடுப்பது பங்கு கொடுப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு.

தேட வேண்டிய முதல் இடம், நீங்கள் ஏற்கெனவே வேலை பார்த்த அலுவலகம். 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் ஜோஹோவில் பணியாற்றியவர்கள். 2007இல் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கிய இருவரும் அமேசானில் இருந்தவர்கள். கெடு நெருங்கும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்வார், தவறு நேர்ந்தால் யார்மீது பழி போடுவார் என்பதெல்லாம் உடன் வேலை பார்த்தவருக்கே தெரியும். ஒரே விடுதி அறையில் நான்கு ஆண்டுகள் தங்கிய நண்பருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்படி யாரும் கிடைக்காவிட்டால், புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் ஐஐடி மெட்ராஸ் இன்குபேஷன் செல் (தரமணி), தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் போன்ற அமைப்புகளின் நிகழ்ச்சிகளுக்குச் செல்லலாம். புதிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டர் நடத்தும் இணை நிறுவனர் தேடல் தளத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். முன்பின் தெரியாதவரை அங்கே சந்திப்பதால், அடுத்து வரும் சோதனைக் காலத்தை அவர்கள் விஷயத்தில் இரட்டிப்பாக்க வேண்டும்.

இந்தச் சோதனைக் காலத்தைத்தான் பெரும்பாலானோர் தவிர்த்துவிடுகிறார்கள். நாலு முறை காபி குடித்துப் பேசுவதால் ஒருவருடைய பேச்சுத் திறன் மட்டுமே தெரியும். இரண்டு மூன்று மாதங்களில் முடியக்கூடிய, பணம் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளரேனும் இருக்கிற சிறு வேலையை இருவரும் சேர்ந்து செய்து பாருங்கள். எடுத்துக்காட்டாக, திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களுக்கான ஜாப் ஒர்க் (சாயமிடுதல் போன்றவற்றை வெளியே கொடுத்துச் செய்து வாங்குவது) கணக்கு மென்பொருள் உங்கள் எண்ணம் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தொழில் தெரியும். நிரல் எழுத ஒருவர் வேண்டும். ஒரே ஒரு நிறுவனத்தின் ஒரு மாத டெலிவரி சலான்களை எடுத்துக்கொண்டு, சாயப்பட்டறைக்குப் போன துணி எத்தனை கிலோ, திரும்பி வந்தது எத்தனை கிலோ என்று காட்டும் ஒரு திரையை மட்டும் செய்யச் சொல்லுங்கள். சாயத்துக்குப் போன துணி எடை குறைந்துதான் திரும்பும். அதை புராசஸ் லாஸ் என்பார்கள். அனுப்பிய எடையும் வந்த எடையும் சமமாக இருந்தால்தான் கணக்கு முடியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட திரை முதல் நாளே சிக்கிக்கொள்ளும். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். டெஸ்பாட்ச் பிரிவில் அரை நாள் உட்கார்ந்து, சலானின் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டிருக்கும் எடைக் குறைவு என்னவென்று அங்கிருக்கும் எழுத்தரிடம் கேட்டறிபவர் ஒருவகை. இதை நீங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் மற்றொரு வகை. இரண்டாமவர் சிறந்த நிரலாளராகவும் இருக்கக்கூடும். ஆனால் இணை நிறுவனராக ஏற்க நான் தயங்குவேன். சோதனை இருவழிப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது: வசூலாக வேண்டிய தொகையை நீங்கள் கேட்டு வாங்குகிறீர்களா, கூச்சப்பட்டு இழுத்தடிக்கிறீர்களா என்று அவரும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதே காலத்தில் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். சம்பளமில்லாமல் எத்தனை மாதம் தாங்க முடியும், வீட்டுக் கடன் தவணை எவ்வளவு, வேலையை எப்போது விடுவார், வீட்டில் சம்மதித்துவிட்டார்களா என்பவை நம் ஊரில் கேட்கச் சங்கடமான கேள்விகளே. கேட்காமல் விட்டால் ஆறாவது மாதத்தில் அவையே பதிலாக வந்து நிற்கும். 1976 ஏப்ரலில் ஆப்பிளுக்கான கூட்டாண்மை ஒப்பந்தத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ், வாஸ்னியாக் ஆகியோருடன் மூன்றாமவராகக் கையெழுத்திட்ட ரொனால்ட் வெயினுக்கு 10 சதவீதப் பங்கு இருந்தது. உதிரி பாகங்களைக் கடனில் வாங்கித் தொழில் நடத்தப்போகிறார்கள் என்றதும், கடன்காரர்கள் வந்தால் மற்ற இருவரிடம் எடுக்க ஒன்றுமில்லை, தன்னிடம் சொத்து இருக்கிறது என்று கணக்கிட்டு, 12 நாட்களில் விலகி 800 டாலருக்குத் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். அவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியானது. இந்தியாவிலும் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கூட்டாண்மை நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். ஆகவே இழக்க நிறைய உள்ளவரை இணைக்க விரும்பினால், உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள பிரைவேட் லிமிடெட் அல்லது எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) அமைப்பில் தொடங்குவதே முறை.

பங்குப் பிரிவினையில் ஆளுக்குப் பாதி என்பது நியாயமாகத் தோன்றும். இயக்குநர் நியமனம் போன்ற சாதாரணத் தீர்மானத்துக்கே பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்பதால், இருவரும் முரண்பட்டால் நிறுவனம் அப்படியே நின்றுவிடும். எந்தத் துறையில் யார் சொல் இறுதி என்பதையாவது எழுதி வையுங்கள். பிரிவினை எப்படி இருந்தாலும், நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும் வெஸ்டிங் முறையும், முதல் ஓராண்டு முடியும் முன் விலகினால் ஒன்றுமில்லை என்ற நிபந்தனையும் இருக்கட்டும். 40 சதவீதம் பெற்ற ஒருவர் மாதக் கணக்கிலான வெஸ்டிங்கில் 18ஆம் மாத முடிவில் விலகினால், 48 மாதங்களில் 18 மாதங்களுக்கு உரிய அளவு, அதாவது 15 சதவீதம் அவருடையது. மீதி 25 சதவீதத்தை முன்பே ஒப்புக்கொண்ட விலைக்கு அவர் திருப்பித் தர வேண்டும். இந்த நிபந்தனைகளைப் பங்குதாரர் ஒப்பந்தத்தில் மட்டும் எழுதாமல், நிறுவனத்தின் சங்க விதிகளிலும் (ஆர்ட்டிகல்ஸ் ஆஃப் அசோசியேஷன்) சேர்க்கச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடமோ கம்பெனி செக்ரட்டரியிடமோ வற்புறுத்துங்கள்.

நிறுவனம் பதிவாகும் முன் எழுதப்பட்ட நிரலின் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது. நிறுவனத்துக்கு அது தானாக வந்துவிடாது. எழுத்துமூலமான உரிமை மாற்றப் பத்திரம் தேவை. அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆவது பிரிவில் கூறுகிறது. ஆகவே பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர் இன்னும் வேறிடத்தில் வேலையில் இருப்பவரானால், அந்த வேலை ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்துவிட வேண்டும்.

விலகிய பிறகு போட்டி நிறுவனம் தொடங்கக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நம்ப வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு; விலகியவர் தம் தொழிலைத் தொடர்வதை நீதிமன்றங்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. வாடிக்கையாளர் விவரம், விலைப் பட்டியல், மூலநிரல் ஆகியவற்றின் இரகசியத்தைக் காக்கும் உறுதிமொழியை வாங்கிக்கொள்ளுங்கள். டொமைன் பெயர், சர்வர் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு ஆகியவற்றை, நிறுவனம் பதிவான அன்றே அதன் மின்னஞ்சல் முகவரிக்கு மாற்றி, ஓடிபி வரும் செல்பேசி எண்ணும் ஒருவருடைய சொந்த எண்ணாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.