பேஷன்ட் பேப்பர்களை டைகாம் ஸ்டடிக்குள் சேர்ப்பது எப்படி

கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுக்க வரும் நோயாளி பரிந்துரைச் சீட்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிசல்ட், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரு கவரில் கொண்டுவருவார். ஸ்கேன் முடிந்ததும் படங்கள் பேக்ஸுக்கு, அதாவது ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டும் சர்வருக்குப் போகும், கவர் அவரோடு வீட்டுக்குப் போகும். வேறு ஊரிலிருந்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டுக்குப் போன தடவை கட்டி எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று தெரிய வழியில்லை. அந்தப் பேப்பர்களைப் படங்கள் இருக்கும் ஸ்டடிக்குள்ளேயே, அதாவது ஒரு பரிசோதனையின் படங்கள் எல்லாம் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) ஃபைல்களாக இருக்கும் தொகுப்புக்குள்ளேயே வைப்பதுதான் சரியான தீர்வு.

முதலில், உங்கள் அட்டாச் பட்டன் என்ன செய்கிறது?

பல பேக்ஸ்களில் அட்டாச் பட்டன் உண்டு. சிலவற்றில் அது ஃபைலை அந்த சர்வரின் டேட்டாபேஸில் மட்டும் வைக்கும். உங்கள் வொர்க்ஸ்டேஷனில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் ஸ்டடியை டெலிரேடியாலஜிக்கு (தொலைவிலிருந்து ரிப்போர்ட் எழுதும் சேவை) அனுப்பும்போதும், காம்பாக்ட் டிஸ்க்கில் எழுதும்போதும், பின்னாளில் வேறு பேக்ஸுக்கு மாறும்போதும் படங்கள் மட்டும் போகும், பேப்பர் பின்தங்கிவிடும். ஆர்த்தாங்க் என்ற இலவச டைகாம் சர்வரில் 1024 முதல் எண் கொடுத்து நாமே வரையறுக்கும் அட்டாச்மென்ட்களும் இப்படித்தான்: டைகாம் வழியாக அனுப்பினால் அவை கூடப் போகாது.

சோதிப்பது எளிது. ஒரு டெஸ்ட் ஸ்டடியில் பிடிஎஃப் ஒன்றைச் சேர்த்து, ஸ்டடியை எக்ஸ்போர்ட் செய்து, வேறு கம்ப்யூட்டரில் வேறு வியூவரில் திறந்து பாருங்கள். அங்கும் பிடிஎஃப் தெரிந்தால் அது டைகாம் ஆப்ஜெக்டாக மாறியிருக்கிறது. தெரியாவிட்டால் கீழே உள்ள வழிதான் உங்களுக்கு.

பிடிஎஃப்பைத் தயார் செய்தல்

200 டிபிஐ, கிரேஸ்கேல் போதும். கையெழுத்தும் அச்சும் தெளிவாகப் படிக்கலாம். ஒரு நோயாளியின் ஒரே வகைப் பேப்பர்களை ஒரே பிடிஎஃப்பாக்குங்கள். பழைய ரிப்போர்ட் தனி, ஒப்புதல் படிவம் தனி. பாஸ்வேர்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், ரேடியாலஜிஸ்ட்டின் வியூவர் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும்.

ஃபான்ட் விஷயத்தில் தமிழ்நாட்டு லேப்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த ரிப்போர்ட்டை ஃபான்ட்டை உள்ளே பதிக்காமல் பிடிஎஃப் ஆக்கினால், மற்ற கம்ப்யூட்டரில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். பிடிஎஃப் ஏ வடிவத்தில் சேமித்தால் ஃபான்ட் உள்ளேயே பதிந்துவிடும். அந்த வசதி இல்லையென்றால் பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு.

ஸ்டடியோடு இணைத்தல்

டைகாமில் இதற்கென்றே என்கேப்சுலேட்டட் பிடிஎஃப் என்ற வகை உண்டு. அதன் யூஐடி, அதாவது தனி அடையாள எண், 1.2.840.10008.5.1.4.1.1.104.1. எத்தனை பக்கம் இருந்தாலும் முழு பிடிஎஃப்பும் ஒரே ஆப்ஜெக்டாக உள்ளே போகும். அது எந்த ஸ்டடியைச் சேர்ந்தது என்பதை ஸ்டடி இன்ஸ்டன்ஸ் யூஐடிதான் தீர்மானிக்கிறது. பெயரும் ஐடியும் ஒத்துப்போனாலும் இந்த யூஐடி மாறிவிட்டால் பேக்ஸ் தனியாக ஒரு புது ஸ்டடியைக் காட்டும்.

அதனால் எதையும் கையால் டைப் செய்யாதீர்கள். நம் ஊரில் இனிஷியல் ஒருமுறை முன்னால் வரும், மறுமுறை பின்னால் வரும். லட்சுமியை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். ஒரே நாளில் இரண்டு லட்சுமி வருவதும் சாதாரணம். பேஷன்ட் ஐடி, அக்செஷன் எண் (அந்தப் பரிசோதனையின் பதிவு எண்), தேதி மூன்றும் பொருந்துகின்றனவா என்று திரையில் பார்த்து ஸ்டடியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற விவரங்களை அந்த ஸ்டடியின் ஒரு படத்திலிருந்தே சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளட்டும்.

டிசிஎம்டிகே என்ற டைகாம் கருவித் தொகுப்பில் இருக்கும் பிடிஎஃப்2டிசிஎம் கருவிக்கு, ஸ்டடியின் ஏதாவது ஒரு படத்தை 'ஸ்டடி ஃப்ரம்' ஆப்ஷனில் கொடுத்தால் நோயாளி விவரமும் ஸ்டடி விவரமும் அதிலிருந்து வந்துவிடும். பக்கத்திலேயே 'சீரீஸ் ஃப்ரம்' (சீரீஸ் என்பது ஸ்டடிக்குள் இருக்கும் ஒரு தொகுதி) என்று இன்னொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். சிடி படத்தை அதில் கொடுத்தால் பிடிஎஃப் சிடி சீரீஸுக்குள்ளேயே போய் உட்காரும். ஒரே சீரீஸில் இரண்டு மொடாலிட்டி (சிடி, எம்ஆர் போன்ற வகை) இருப்பது டைகாம் விதிக்குப் புறம்பு, சில வியூவர்கள் அந்த சீரீஸையே திறக்காமல் தடுமாறும். பேப்பருக்கு எப்போதும் தனி சீரீஸ்.

ஆர்த்தாங்க் வைத்திருப்பவர்கள் அதன் ரெஸ்ட் ஏபிஐயில் (ஸ்கிரிப்ட் மூலம் சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) 'கிரியேட் டைகாம்' அழைப்பைப் பயன்படுத்தலாம். பிடிஎஃப்பை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாற்றி, அது பிடிஎஃப் என்று சொல்லும் டேட்டா யூஆர்ஐ முன்னொட்டோடு 'கன்டென்ட்'டில் கொடுக்க வேண்டும். 'பேரன்ட்'டில் ஸ்டடி இன்ஸ்டன்ஸ் யூஐடியைப் போட்டால் வேலை செய்யாது. ஆர்த்தாங்க் தானே உருவாக்கும் ஐடியை, அதாவது எட்டு எட்டு எழுத்தாக ஐந்து பகுதியாக இருப்பதைக் கொடுங்கள். பேரன்ட் கொடுத்தபின் பேஷன்ட் பெயரையோ ஐடியையோ டேக்குகளில் (டைகாம் ஃபைலின் விவரப் புலங்கள்) மறுபடி எழுதினால் எரர் வரும், அது நல்லதுக்குத்தான்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கவனிக்க: (0042,0011) டேக்கில் இருக்கும் பிடிஎஃப்பின் நீளம் இரட்டைப்படை பைட்டாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையாக வந்தால் கடைசியில் ஒரு பூஜ்ய பைட் சேர்க்க வேண்டும்.

டாக்குமென்ட் டைட்டிலில், அதாவது (0042,0010)-இல், என்ன பேப்பர், எந்தத் தேதி என்று எழுதுங்கள். 'ஸ்கேன் 1' என்ற தலைப்பால் யாருக்கும் பயனில்லை. தலைப்பைத் தமிழில் எழுத விரும்பினால் கேரக்டர் செட் (எழுத்துக் குறியீட்டு முறை) ஐஎஸ்ஓ ஐஆர் 192, அதாவது யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். மெஷினிலிருந்து வந்த படங்கள் பெரும்பாலும் அப்படி இருக்காது, தலைப்பு முழுக்கக் கேள்விக்குறிகளாக நிற்கும். ஆங்கிலத் தலைப்பு தொல்லையில்லாதது.

பேக்ஸ் ஏற்க மறுத்தால்

அனுப்பும் முன் எக்கோ (டைகாம் இணைப்புச் சோதனை) செய்து இணைப்பைச் சரிபாருங்கள். எக்கோ சரியாக இருந்து ஸ்டோர் (ஃபைலை அனுப்பிச் சேமிப்பது) மட்டும் தோற்றால், அந்த பேக்ஸ் என்கேப்சுலேட்டட் பிடிஎஃப் வகையை ஏற்கும்படி அமைக்கப்படவில்லை என்பதே வழக்கமான காரணம். கன்ஃபார்மன்ஸ் ஸ்டேட்மென்ட்டில் (அந்த பேக்ஸ் எந்த டைகாம் வகைகளை ஏற்கும் என்று சொல்லும் ஆவணம்) மேலே சொன்ன யூஐடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வென்டரிடம் சொல்லித் திறந்துவிடச் சொல்லலாம்.

இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி செகண்டரி கேப்சராக (சாதாரணப் படத்தை டைகாமாக மாற்றிய வகை) அனுப்பலாம், அதை ஏற்காத பேக்ஸ் அரிது. ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ஏ4 பக்கம் 200 டிபிஐயில் 1654 x 2339 பிக்சல். கம்ப்ரஸ் செய்யாத கலர் பக்கம் ஒன்றே சுமார் 11.6 எம்பி, கிரேஸ்கேலில் 3.9 எம்பி. கலரில் ஐந்து பக்க ரிப்போர்ட் 58 எம்பி ஆகிவிடும்.

சர்வரில் இருக்கும் பேப்பர் ரேடியாலஜிஸ்ட்டிடம் மட்டும் போகவில்லையா? எது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரௌட்டிங் விதியைப் பாருங்கள். 'சிடி மட்டும் அனுப்பு' என்று மொடாலிட்டியை வைத்து எழுதிய விதி பேப்பரை விட்டுவிடும். நேரமும் ஒரு காரணம்: புதுப் படம் வராமல் 60 விநாடி கடந்தாலே ஆர்த்தாங்க் ஸ்டடியை முடிந்ததாகக் கருதும், இது அதன் இயல்பான அமைப்பு. அதை நம்பித் தானாக அனுப்பும் ஸ்கிரிப்ட் இருந்தால், பிறகு சேர்த்த பேப்பரையும் தனியாக அனுப்ப ஏற்பாடு வேண்டும்.

திருத்துவதும் நீக்குவதும்

ஒரு பக்கம் விட்டுப்போனால் முழு பிடிஎஃப்பையும் புதிதாக உருவாக்குங்கள், எஸ்ஓபி இன்ஸ்டன்ஸ் யூஐடியும், அதாவது அந்த ஒரு ஆப்ஜெக்டின் அடையாள எண்ணும், புதிதாக இருக்க வேண்டும். பழைய யூஐடியோடு மறுபடி அனுப்பினால், ஏற்கெனவே இருக்கிறது என்று சர்வர் அதைச் சேமிக்காமல் விட்டுவிடலாம். அனுப்பியவருக்கோ வெற்றி என்றே தெரியும். புதியது வந்ததை உறுதி செய்தபின் பழையதை நீக்குங்கள்.

வேறொருவரின் ஸ்டடியில் பேப்பர் போய்விட்டால் உடனே பேக்ஸ் அட்மினிடம் சொல்லுங்கள். உள்ளூர் சர்வரில் அழித்தால் மட்டும் போதாது. கிளவுடுக்கும் டெலிரேடியாலஜிக்கும் அதற்குள் போயிருக்கும், அங்கும் நீக்க வேண்டும். அதை வைத்து ரிப்போர்ட் எழுதப்பட்டிருந்தால் ரேடியாலஜிஸ்ட்டுக்கும் தகவல் போக வேண்டும்.

ஸ்டடிக்குள் போய்விட்டதென்று எல்லாக் காகிதத்தையும் எறிந்துவிடாதீர்கள். கர்ப்பகால ஸ்கேனுக்கான ஃபார்ம் எஃப் போன்ற பதிவுகளை 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டத்தின் 29-ஆம் பிரிவு. வழக்கு இருந்தால் அது முடியும்வரை. கையெழுத்திட்ட அசல் ஃபைலிலேயே இருக்கட்டும்.

ஆதார் நகல் சிகிச்சைக்குத் தேவையில்லை, அதைச் சேர்க்க வேண்டாம். வகுப்புக்கோ ஆய்வுக்கோ ஸ்டடியை அனானிமைஸ் செய்யும்போது (நோயாளியின் அடையாளத்தை நீக்கும்போது) சாஃப்ட்வேர் டேக்குகளில் உள்ள பெயரைத்தான் அழிக்கும். பிடிஎஃப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெயர், முகவரி, போன் நம்பர் அப்படியே இருக்கும். ஆகவே வெளியே கொடுக்கும் நகலிலிருந்து பேப்பர் சீரீஸை முழுவதும் நீக்கிவிட்டு, மீதியை ஒருமுறை திறந்து பார்த்த பிறகே கொடுங்கள்.