புதிய டெலிபோட்டோ சூம் லென்ஸைத் திருகோணமலையில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

70–300 மில்லிமீற்றர் வீச்சுள்ள டெலிபோட்டோ சூம் லென்ஸை முதன்முதலாக வாங்கியவர்களுக்காக இவ்விளக்கம் எழுதப்படுகிறது. தூரத்துப் படம் மங்கலாக வந்தவுடன் பலரும் லென்ஸைத்தான் குறை கூறுவர். ஆனால் லென்ஸ், கை, காற்று ஆகிய மூன்றில் எதுவும் அந்த மங்கலுக்குக் காரணமாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்தறியும் ஒழுங்கில் சோதிப்பதே பயன் தரும்.

முதலாம் படி: வீட்டுச் சுவர்

கடற்கரைக்கு ஓடுவதற்கு முன், பூச்சுப் பூசாத செங்கல் மதில் ஒன்றையோ, சுவரில் தட்டையாக ஒட்டிய பத்திரிகைத் தாள்களையோ தேர்ந்தெடுங்கள். கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, சுவருக்கு நேராகவும் மட்டமாகவும் நிறுத்தி, அதிர்வுக் கட்டுப்பாட்டை (கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) அணைத்து, ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100 இல் வைத்து, 2 செக்கன் டைமரில் படமெடுங்கள். 70, 135, 300 மில்லிமீற்றர் ஆகிய மூன்று நிலைகளிலும், அப்பேர்ச்சர் (ஒளி புகும் துவாரம்) முழுமையாகத் திறந்த நிலையில் (300 இல் பெரும்பாலும் எஃப் 5.6) ஒன்றும், அதைச் சற்றுச் சுருக்கி எஃப் 8 இல் ஒன்றுமாக எடுத்தால் போதும்.

படங்களைக் கணினியில் நூறு வீதத்திற்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுப்பகுதியைவிட மூலைகள் சற்று மென்மையாக இருப்பதும், 300 மில்லிமீற்றரில் எஃப் 5.6 இல் எடுத்த படம் எஃப் 8 இல் எடுத்ததைவிடக் கூர்மை குறைந்திருப்பதும் இவ்வகை லென்ஸ்களின் இயல்பு. நான்கு மூலைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் மென்மையாக இருக்கின்றனவா என்பதையே கவனிக்க வேண்டும். இடப்பக்க எழுத்துகள் வாசிக்கக்கூடியதாகவும் வலப்பக்க எழுத்துகள் கரைந்தும் இருந்தால், கமரா சாய்ந்திருந்ததா என்று பார்த்து மீண்டும் எடுங்கள். அப்போதும் அதே பக்கம் கரைந்தால் உள்ளே கண்ணாடிகள் மையம் விலகியிருக்கின்றன என்று கொள்ளலாம். கடையில் மாற்றிக்கொள்ளும் தவணை முடியுமுன் இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாம் படி: கை

நிக்கொன், சோனி ஆகியவற்றின் ஏ.பி.எஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய உணரி கொண்ட) கமராக்களில் 300 மில்லிமீற்றர் லென்ஸின் காட்சிக்கோணம், முழுச்சட்டக் கமராவில் 450 மில்லிமீற்றர் லென்ஸினதற்குச் சமமாகும்; கெனனில் அது 480. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம், ஒன்றை இந்த எண்ணால் வகுத்த அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 1/500 செக்கனுக்குக் குறையாதிருப்பது பழைய விதி. அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் அதைவிடக் குறைந்த வேகத்திலும் எடுக்கலாம்.

இதைச் சோதிக்கப் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைவிட நல்ல மாதிரி நகரில் இல்லை. மனிதருக்குப் பழகியவை என்பதால் பதற்றமின்றி மேயும். ஒற்றைக் குவியப் புள்ளியை மானின் கண்மீது வைத்து, அதிர்வுக் கட்டுப்பாட்டை இயக்கி, 1/60, 1/125, 1/250, 1/500 என்று ஒவ்வொரு வேகத்திலும் சில படங்கள் எடுங்கள். 1/60 இல் இமைமயிர்கள் தனித்தனியே தெரிய, ஈயை விரட்டிய காது மட்டும் கலங்கியிருக்கும் படமொன்று கிடைத்தால் அதை அழித்துவிடாதீர்கள்: அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே அடக்கும், மானின் அசைவை அல்ல என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் விளக்க முடியாது. மர நிழலில் ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600 தேவைப்படலாம், தயங்காமல் கூட்டுங்கள்.

கோட்டைக்குள் இராணுவ முகாமும் நகரில் கடற்படைத் தளமும் இருப்பதால், அந்தப் பக்கங்களுக்கு லென்ஸைத் திருப்பக் கூடாது. நீண்ட லென்ஸ் வெகுதூரத்திலிருந்தே காவலர் கண்ணில் படும்.

மூன்றாம் படி: காற்று

டச்சுக்குடாக் கடற்கரையிலிருந்து கோணேசர் மலையை 300 மில்லிமீற்றரில், எஃப் 8 இல், ட்ரைபொட் வைத்து அதிகாலையில் ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் எடுங்கள். காலைப் படத்தில் கூர்மையாக நின்ற பாறை விளிம்பு, நண்பகற் படத்தில் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளிந்திருக்கும். வெப்பமேறிய மணலுக்கும் கடலுக்கும் மேலுள்ள காற்றடுக்குகள் வெவ்வேறு வெப்பநிலையில் கலந்து ஒளியை இடத்துக்கிடம் வளைப்பதே இதற்குக் காரணம். வறண்ட கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் இது மேலும் கடுமையாகும். எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைத் திருத்தாது. அதிகாலையில் எடுப்பதும், பொருளுக்கு அருகில் செல்வதுமே வழி.

நான்காம் படி: அசைவன

பொருள் நகர நகரக் குவியத்தைச் சரிசெய்யும் தொடர் ஃபோகஸ் முறையையும் தொடர் படப்பிடிப்பையும் இயக்கி, முதலில் கரைக்குத் திரும்பும் வள்ளங்களில் பழகுங்கள். அவற்றின் பாதையை எளிதில் ஊகிக்கலாம். பின்னர் கரைவலை இழுக்கும் இடங்களில் வட்டமிடும் செம்பருந்துகளை 1/1600 செக்கனிலோ அதற்கு மேலோ முயலலாம். பறவையைத் தேடும்போது 70 இல் வைத்து, சட்டத்துக்குள் வந்தபின் சூம் செய்வது எளிது. திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணத்தை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உப்பு

வீடு திரும்பியதும், முன்கண்ணாடியிலுள்ள மணலை ஊதுகுழாயால் அகற்றிய பின்னரே துணியைத் தொடுங்கள். உடற்பகுதியைச் சற்று ஈரமான மென்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றுங்கள். சூம் செய்யும்போது லென்ஸ் உப்புக் காற்றை உள்ளே இழுப்பதால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்புக் குறையும். நிறம் மாறும் வகை ஜெல்லை வாங்கினால், அது ஈரத்தை உறிஞ்சி முடித்ததும் பார்வையிலேயே தெரிந்துவிடும்.