வீட்டுக்கு டேப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க, திரைச்சீலை தைக்கக் கொடுக்க, புதிய ஃபிரிட்ஜ் சமையலறை மூலையில் நுழையுமா என்று பார்க்க என ஒரு வீட்டில் ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் அளவு டேப் தேவைப்படும். இதற்கு விலை குறைந்த டேப்பே தாராளமாகப் போதும். ஆனால் ஹார்டுவேர் கடையில் நீளத்தையும் விலையையும் கேட்கிறவர்களில் பலர் டேப்பின் முனையை உற்றுப் பார்ப்பதே இல்லை. அளவு தொடங்குவது அந்த முனையிலிருந்துதான் என்பதால், அங்கே உள்ள பிழை அதன் பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் சேர்ந்துகொண்டே வரும்.

முனையில் உள்ள கொக்கியை விரலால் அசைத்தால் அது முன்னும் பின்னும் சற்றே நகரும். அதைக் குறை என்று நினைத்து, "ஆடாத டேப்பாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்த அசைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொக்கி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு. பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது அளவு தகட்டின் உட்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் முட்டக் கொடுக்கும்போது வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இழுத்தால் தகட்டின் தடிமன் அளவு வெளியே வரும்படியும், முட்டினால் அதே அளவு உள்ளே போகும்படியும் ரிவெட் துளைகளைச் சற்று நீளமாக விட்டிருப்பார்கள். ஆகவே கொக்கி முன்பின்னாக நகரத்தான் வேண்டும். பக்கவாட்டில் திரும்பினாலோ, மேலும் கீழும் தளர்ந்து தொங்கினாலோ அந்த டேப் வேண்டாம்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் சிறிது இடம் விட்டிருப்பார்கள் என்பதால், விளிம்பிலேயே பூஜ்யம் தொடங்கும் 30 செ.மீ. எஃகு ஸ்கேல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஸ்கேலின் பூஜ்ய முனையில் கொக்கியை மாட்டி இழுத்துப் பிடியுங்கள். பிறகு ஸ்கேலையும் டேப்பையும் ஒன்றாகச் சுவரில் முட்டக் கொடுங்கள். இரண்டு முறையும் ஸ்கேலின் 30 கோடும் டேப்பின் 30 கோடும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு முறை பொருந்தி மறுமுறை விலகினால், கொக்கி வளைந்திருக்கிறது அல்லது ரிவெட் இறுகியிருக்கிறது என்று பொருள். வீட்டில் இருக்கும் பழைய டேப் கைதவறி விழுந்த பிறகும் இதே சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

டேப்பின் தொடக்கத்தில், சிறு வட்டத்துக்குள் II என்ற ரோமன் எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது துல்லிய வகுப்பைக் குறிக்கும். இரண்டாம் வகுப்பு டேப்பில் 5 மீட்டருக்கு அதிகபட்சம் 1.3 மி.மீ. வரையிலும், மூன்றாம் வகுப்பில் 2.6 மி.மீ. வரையிலும் பிழை அனுமதிக்கப்படுகிறது. வீட்டு வேலைக்கு இரண்டாம் வகுப்பு நிறைவானது.

நீளத்தில் சிக்கனம் பார்த்து 3 மீட்டர் டேப் வாங்குவது இன்னொரு தவறு. பத்தடி அறை என்பது 3.05 மீட்டர், அந்த ஐந்து சென்டிமீட்டர் குறைவுக்காக அறையை இரண்டு துண்டாக அளந்து கூட்ட வேண்டியிருக்கும், கூட்டும் இடத்தில் பிழை நுழையும். 10 மீட்டர் டேப் கைக்குக் கனமாக இருக்கும், வீட்டுக்குள் அத்தனை நீளம் தேவைப்படுவதும் அரிது. 19 மி.மீ. அகலமுள்ள 5 மீட்டர் டேப் பொதுவாகச் சரியாக இருக்கும். அதைவிடக் குறுகலான டேப், துணைக்கு ஆளின்றிப் பரண் உயரத்துக்கு நீட்டும்போது நடுவில் மடிந்து விழும்.

சென்டிமீட்டர் மட்டும் அச்சிட்ட டேப்பை வாங்கினால் ஆசாரியுடன் பேசும்போது சிரமப்படுவீர்கள். அவர் கணக்கு அடி, அங்குலம், நூல். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல், ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு அளவும் உள்ள டேப்பாக இருந்தாலும், எழுதும்போது கவனம் வேண்டும். 4 அடி 3 அங்குலத்தை 4.3 அடி என்று எழுதிக் கொடுத்தால், படிக்கிறவர் அதைத் தசமமாக எடுத்துக்கொள்ள, பொருள் 15 மி.மீ. கூடுதலாக வந்து நிற்கும். மில்லிமீட்டரில் எழுதினால் இந்தக் குழப்பமே எழாது.

உள் அளவு எடுப்பதில் நானே ஒருமுறை தவறினேன். பின்கட்டு ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் செய்யக் கொடுத்தபோது, டேப்பை எதிர் மூலையில் வளைத்து, வளைவுக்குள் மறைந்த எண்ணை உத்தேசமாகப் படித்து எழுதினேன். வந்த சட்டம் 4 மி.மீ. பெரிதாக இருந்தது, நிலையின் மரத்தை உளியால் செதுக்கித்தான் பொருத்த முடிந்தது. டேப்பை வளைக்காமல், அதன் பெட்டியின் முதுகை எதிர்ச் சுவரில் முட்டக் கொடுத்து, வாயில் தெரியும் எண்ணுடன் பெட்டியின் நீளத்தைக் கூட்டுவதே சரியான முறை. பல டேப்புகளில் அந்த நீளம் பெட்டியின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் அளந்து, அழியாத மையால் எழுதி வையுங்கள். ஜன்னல்கள் பெரும்பாலும் மட்டமாக இருப்பதில்லை என்பதால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கொடுக்க வேண்டும்.

தையற்காரர் வைத்திருக்கும் துணி நாடாவை இந்த வேலைகளுக்கு எடுக்காதீர்கள். நாளடைவில் அது நீண்டுவிடும். எஃகு டேப்பில் மின்சாரம் பாயும் என்பதால் ஃபியூஸ் பெட்டிக்கும் திறந்த ஒயருக்கும் அருகில் அதை நீட்டவே கூடாது. அளந்து முடித்ததும் அதைப் படாரென்று உள்ளே விட்டுவிடாமல் கடைசி ஓரடியைக் கையால் பிடித்து மெதுவாக விடுங்கள். கொக்கி பெட்டியின் வாயில் மோதி மோதித்தான் ரிவெட் தளர்கிறது.

செய்யக் கொடுக்கும் முன் உங்கள் டேப்பையும் ஆசாரியின் டேப்பையும் அருகருகே நீட்டி, இரண்டு மீட்டர் கோடுகள் ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால், எது சரி என்று அங்கே தீர்க்க முற்பட வேண்டாம். ஜன்னலை அளந்த டேப்பாலேயே பலகையையும் அளக்கச் சொன்னால் சட்டம் பொருந்திவிடும்.